ஒருவருக்கும் காதில் குறையில்லை

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைக்குக் கீழே நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் ஆத்திரம் ஆறவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் அப்பா தோட்டத்துப் பேக்டரியில் ரோலர் ரூமில் வேலை செய்தவர். வாடிய கொழுந்தை உருட்டிப் பிசைகிற மெஷின்களுக்குத்தான் ரோலர் என்று பெயர். அவை ஓட ஆரம்பித்தால், அடேயப்பா, பக்கத்தில் நிற்கிற ஆளின் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சு கேட்காது. அதனால் அந்த ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ரோலர்களைச் சுற்றி நின்று வேலை செய்யப் பலகை அடித்திருப்பார்கள். ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் குதிகாலால் பலகையில் ஒரு தட்டு. அந்த அதிர்வு அடுத்த ஆளின் காலில் ஏறும், அவர் திரும்பிப் பார்ப்பார். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது வாசலில் நின்று இதை வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

வருடக்கணக்கில் அந்தச் சத்தத்துக்குள் நின்றால் காது என்னத்துக்கு ஆகும்? லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறைதான் எங்களுக்கு. அங்கே அப்பாவிடம் ஒரு விஷயம் சொன்னால் லயம் முழுக்கச் செய்தி போய்விடும். அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் பதில் அதைவிடச் சத்தம். அம்மா ஒரு கட்டத்தில் அவரோடு பேசுவதையே குறைத்துவிட்டார். கேட்டால், “தொண்டையில தெம்பு இல்லடி” என்பார். சண்டை போடக்கூட முடியாத வீடு எங்களுடையது.

காதைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது. விஞ்ஞானப் பட்டம் முடித்து ஊருக்கு வந்ததும், பதுளையில் ஒரு தனியார் காது கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர். காது கேட்கும் அளவைச் சோதிக்கிற மெஷினை ஓட்ட எனக்கு அவர்தான் பழக்கினார். அதையே மேற்படிப்பாக, ஆடியோலஜி என்று படிக்கலாம் என்று சொன்னதும் அவர்தான். இந்தியாவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தோம்.

அந்தக் கல்லூரியில் ஒரு நிபந்தனை இருந்தது. நேராக அந்தத் துறையில் பட்டம் பெறாமல் வருகிறவர்கள், சத்தம் அதிகமுள்ள ஒரு வேலைத்தளத்தில் சின்னதாக ஒரு சோதனை நடத்தி, அதைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். சோதனை நடந்தது உண்மைதான் என்று வேலைத்தளத்தின் பொறுப்பாளர் கடிதம் தர வேண்டும். கடிதம் இல்லையென்றால் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சத்தம் அதிகமுள்ள வேலைத்தளத்தைத் தேடி நான் ஊர் ஊராக அலையவா வேண்டும்?

பேக்டரிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை எங்கள் பக்கம் டீமேக்கர் என்போம். அவரிடம் போய்க் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்துத்தான் போனேன். மனுஷன் நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். லயத்துப் பிள்ளையான என்னை ‘மிஸ்’ என்று கூப்பிட்டார். நல்ல காரியம், தாராளமாகச் செய்யுங்கள், லெட்டரும் தருகிறேன் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

“முடிஞ்சதும் ரிசல்ட்ட பேர் பேரா எழுதி எனக்கும் ஒரு காப்பி குடுத்துருங்க மிஸ்.”

சரி ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த ‘மிஸ்’ஸில் எனக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது.

டாக்டர் அம்மாவின் மெஷினை ஒரு பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இது என்ன, அது என்ன என்று ஒரே கேள்வி. காதில் மாட்டுகிற ஹெட்போன் இது, சத்தம் அனுப்புகிற பட்டன் இது, அமுக்கினால் சத்தம் போகும், போகும்போது இந்தச் சிவப்பு பல்பு எரியும், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கத்திக் கத்தி விளக்கினேன். பல்பு எந்தப் பக்கம் தெரியும் என்றுகூடக் கேட்டார். என் படிப்பில் அப்பாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு மனசு நிறைந்து போனது. அவர் எதற்காகக் கேட்டார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பேக்டரி ஓடவில்லை. சோதனைக்குப் பிள்ளைக்காம்பராவைக் கேட்டு வாங்கியிருந்தேன். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. பழைய ஸ்டோர் ஒன்றைத் திருத்தியது என்பதால் சுவர் தடிப்பு, தரை பலகை. வெளிச் சத்தம் வராமல் ஜன்னல்களில் லயத்துக் கம்பளிகளைத் தொங்கவிட்டேன். பாலும் பவுடரும் கலந்த வாசனைக்கு நடுவே, குழந்தைத் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மெஷினை வைத்தேன். சோதிக்கப்படும் ஆள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், என் கை தெரியக்கூடாது. மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். ஆனால் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் பெரியவர்களை எப்படி நிற்க வைப்பது? உள்ளே வந்து எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்காருங்கள் என்றேன்.

ரோலர் ரூம் ஆட்களில் முதல் ஆள் வந்து உட்கார்ந்தார். விரல் பட்டுப் பட்டென்று எழும்பியது. இரண்டாவது ஆளும் அப்படியே. அடுத்தவரும் அப்படியே. சின்னச் சின்னச் சத்தமெல்லாம் கேட்கிறதாம்! கிளினிக்குக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு துல்லியமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. மெஷின் பஸ்ஸில் ஆடி ஆடிக் கெட்டுப்போய்விட்டதோ என்று ஹெட்போனை என் காதில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் அப்பா வந்து உட்கார்ந்தார். பட்டனை அமுக்கினேன், விரல் எழும்பியது. குறைத்தேன், எழும்பியது. இன்னும் குறைத்தேன், எழும்பியது. வீட்டில் அடுப்படியிலிருந்து அம்மா தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாத மனுஷன்! எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சத்தம் போடாமல் ஹெட்போன் வயரை மெஷினிலிருந்து கழற்றினேன். இப்போது சத்தம் போக வழியே இல்லை. பட்டனை அமுக்கினேன். சிவப்பு பல்பு எரிந்தது. அப்பாவின் விரல் ஜம்மென்று எழும்பியது.

சட்டென்று பின்னால் திரும்பினேன். பெஞ்சில் முதலாவதாக உட்கார்ந்திருந்தவர் அப்பாவோடு ரோலர் ரூமில் வேலை செய்கிற ஒரு மாமா, அவருடைய குதிகால் பலகையில் அழுந்தியிருந்தது. பல்பு எரிகிறபோதெல்லாம் ஒரு மெல்லிய தட்டு. அது பலகை வழியாகப் போய் அங்கே விரலைத் தூக்கியிருக்கிறது. மழைச் சத்தத்தில் நான் கவனிக்கவேயில்லை.

எனக்கு வந்ததே ஒரு கோபம்!

“என்ன மாமா இது? நான் என்ன கேணச்சியா? என் படிப்பு விஷயம் இது. உங்களுக்கு வெளையாட்டா இருக்கா?” என்று கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பாவுக்கு நான் கத்தியது கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, “எல்லாம் சரியா சொன்னேனா பாப்பா?” என்று உரக்கக் கேட்டார்.

என் முகத்தையும் வாயசைவையும் பார்த்தே புரிந்துகொண்டு மாமாதான் வாயைத் திறந்தார்.

“கோவிக்காத பாப்பா. வேணும்னு ஒன்னிய ஏமாத்தல. பெரட்டுல வெச்சு டீமேக்கர் ஐயா சொல்லிட்டாரு. காது கேக்காதவன் இனிமே மெஷின்கிட்ட நிக்கக்கூடாதாம். இந்த டெஸ்டுல பெயிலாகுறவனுக்கெல்லாம் நாளையிலருந்து மலையிலதான் வேலையாம்.”

பெரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. அதில் வைத்துச் சொல்லியிருக்கிறார். புது மெஷின் வரப் போகிறது, ஆள் குறைக்க வேண்டும் என்று தோட்டத்தில் ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. வேலையை விட்டு நிறுத்தினால் யூனியன் வரும், கேள்வி வரும். மலைக்கு அனுப்பினால்? ஐம்பது தாண்டிய ஆட்கள், இடுப்பு நிமிராத ஆட்கள், செங்குத்தான மலையில் முள்ளு குத்தி மண்ணைக் கிளறவும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டவும் எத்தனை நாளைக்கு முடியும்? தாங்களாகவே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எவ்வளவு சுத்தமான ஏற்பாடு பாருங்கள். அந்த ஏற்பாட்டுக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த ஆள் நான். ‘மிஸ்’!

மழை சற்று விட்டதும் எல்லோரையும் வெளியே அனுப்பினேன். இந்த ரிசல்ட்டை யாருக்கும் கொடுக்க மாட்டேன், எனக்குத் தெரிந்தால் போதும் என்று அப்பாவிடம் சைகையில் சொல்லி, மறுபடி ஹெட்போனை மாட்டினேன். அமுக்கினேன். விரல் எழும்பவில்லை. கூட்டினேன். எழும்பவில்லை. கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ஹெட்போனிலிருந்து கசிகிற சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. அதை மாட்டியிருந்த என் அப்பா, கையை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அதை எழுதவில்லை. எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் பதுளைக்குப் போனபோது டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னோடு சேர்ந்து கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“உம்மட எதிர்காலத்தைப் பாரும் பிள்ளை. திரும்ப ஒருக்காச் சரியாச் சோதிச்சு, பேரைக் குடுத்துக் கடிதத்தை வாங்கும். நீர் படிச்சுப்போட்டு வந்தால் பிறகு அவையளுக்கு எவ்வளவோ செய்யலாம்தானே.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. நான் படித்துவிட்டு வருகிற வரைக்கும் அவர்கள் மலையில் என்ன செய்வார்கள்? அப்பாவை மலைக்கு அனுப்பிவிட்டு, அப்பாவுக்குக் காது கேட்க வைப்பதற்காக நான் கப்பல் ஏறவா? எதிர்த்துப் பேசப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். அப்புத்தளை வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை வலித்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்று இடையில் ஒரு நினைப்பும் வந்து வந்து போனது. அந்த நினைப்பு வந்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் டீமேக்கரின் ஆபீசுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை குதிகால் தட்டிப் பெற்ற ரிசல்ட் இருக்கிறதே, அதை அப்படியே பெயர் பெயராக எழுதி அவர் மேசையில் வைத்தேன். பிழையான சோதனை அது, கல்லூரிக்கு அதை அனுப்பும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அவருக்கு மட்டும் அது போதும் என்று நினைத்தேன். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“என்ன இது?”

“நீங்க கேட்ட காப்பிதான் ஐயா. ஒருத்தருக்கும் காதுல குறையில்ல.”

“மிஸ், எனக்கே கதை வுடுறீங்களா? அந்தக் கெழவனுக்குக் கிட்ட நின்னு கத்துனாலும் கேக்காது. உங்கப்பாவுக்கு அதவிட மோசம். ரோலர் ரூம்ல பாதிப் பேரு செவுடு. இது எனக்குத் தெரியாதா?”

அந்தக் கிழவன் என்றது மாமாவை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். வார்த்தை சரியாக வந்துவிட்டது.

“அப்ப இவங்க காது போனது உங்களுக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சும் இத்தன வருசமா காதுக்கு ஒரு பஞ்சுகூட குடுக்காம அதே மெஷின்கிட்ட நிக்க வெச்சிருக்கீங்க. அதையும் லெட்டர்ல சேத்து எழுதிக் குடுங்க ஐயா. நான் அனுப்புறேன்.”

இவர்களுக்குக் காது கேட்கும் என்று சொன்னால் மலைக்கு அனுப்ப முடியாது. கேட்காது என்று சொன்னால் எப்படிப் போனது என்ற கேள்வி வரும். டீமேக்கர் முகம் கறுத்துப் போய் அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். அதோடு ‘மிஸ்’ என்ற மரியாதையும் போய்விட்டது.

“படிச்ச திமிரு. லெட்டரும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. போ.”

போனேன். கடிதம் கிடைக்கவில்லை. கடிதமில்லாத விண்ணப்பத்தை நான் அனுப்பவேயில்லை, கடைசித் தேதி வந்தது, போனது. என் கூடப் படித்த பிள்ளைகள் ஆளாளுக்கு வேலை, மேற்படிப்பு என்று போய்க்கொண்டிருந்தபோது, நான் பதுளைக் கிளினிக்கில் மற்றவர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் வீணாய்ப் போனது என்று எழுதத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த வருடம் முழுக்க அப்பா பேக்டரிக்குத்தான் போனார்.

நான் ஆபீசில் பேசியதை வீட்டில் சொன்னபோது ஒரு கூத்து. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அப்பாவின் காதோடு காதாகச் சொல்ல முயன்றேன். அது நடக்கிற காரியமா? அவர் பாதியைப் புரிந்துகொண்டு, “எம்புள்ள டீமேக்கருக்குக் குடுத்துச்சு பாரு ஒண்ணு!” என்று கத்தினார். லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் கதவுகள் திறந்தன. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அந்த ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

டீமேக்கர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. புது மெஷின் வந்ததும் வேறு சாக்குச் சொல்லி இரண்டு பேரை மலைக்குத் தள்ளினார். அதில் ஒருவர் குதிகால் தட்டிய மாமா. அவர் மழைக்காலம் முடியும் வரைக்கும் தாக்குப் பிடித்தார், பிறகு கொஸ்லந்தையில் இருந்த மகள் வீட்டோடு போய்விட்டார். என்னால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த வருடம் வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். அங்கே கடிதம் கேட்கவில்லை, ஏன் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரைதான் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினேன். சோதனை எப்படித் தோற்றது, எதற்காகத் தோற்றது, பல்பு, பலகை, குதிகால் எல்லாவற்றையும் எழுதினேன். கொழும்பில் நேர்முகம் வைத்தார்கள். பேசப் பேச என் குரல் உயர்ந்துவிட்டது, மேசையில் தட்டிக்கூட விட்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அங்கிருந்த ஒரு பேராசிரியை, காத்திருக்கிற ஆட்களை ஏன் உள்ளே உட்கார வைத்தாய் என்று கேட்டார். மழை பெய்தது மேடம் என்றேன். தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். அது எனக்குச் சாதகமா பாதகமா என்று தெரியாமலே திரும்பி வந்தேன். இடம் கிடைத்தது.

நான் புறப்பட்ட அன்று அப்பா அப்புத்தளை ஸ்டேஷனுக்கு வந்தார். என் பெட்டியை ரயிலுக்குள் தூக்கி வைத்துவிட்டு இறங்காமல் நின்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். காலுக்குக் கீழே தரையில் ஒரு தட்டு வந்து ஏறியது. திரும்பிப் பார்த்தேன். அப்பா குதிகாலை ஊன்றிக்கொண்டு, கேட்டதா என்பது போல் பார்த்தார். நான் விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் கால் மலை ஏறவில்லை, பேக்டரிக்குத்தான் போனது.

படித்து முடித்து நான் காது கேட்க உதவும் கருவி கொண்டு வந்து மாட்டியபோது அப்பாவின் ஒரு காதில் அது கொஞ்சம் உதவியது, மற்றதில் ஒன்றும் செய்ய முடியவில்லை. சத்தத்தைத் தடுக்கிற காது மூடியை ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் அந்தக் காதுகளுக்கு என் படிப்பே தேவைப்பட்டிருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்த டீமேக்கரின் மேசைக்கு முன்னால் போய் நின்று இன்னொரு முறை கத்த வேண்டும் போல இருக்கும். என் கோபத்தைக் குறைத்துக்கொள்ளும்படி பலர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். இந்த ஒன்றில் எனக்குக் குறைக்க மனமில்லை. இப்போதும் காது சோதிக்க எந்தத் தொழிற்சாலை கூப்பிட்டாலும் போகிறேன், ஆனால் இந்த ரிசல்ட் யார் கைக்குப் போகும் என்று முதலில் கேட்பேன், அதற்கு ஒழுங்கான பதில் வரும் வரைக்கும் மெஷினைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க மாட்டேன்.